ஹான் வூடி: தணிக்கை இல்லாத 54 வருடங்கள்



சீனப் பேரரசர் என்றதும் நம்மில் முக்கால்வாசிப் பேருக்கு ஞாபகம் வருவது சின் ஷி ஹுவாங் தான். பெருஞ்சுவர், களிமண் படைவீரர்கள், புத்தகங்களை எரித்தது என்று அவரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் இன்று எழுதப் போவது அவர் இறந்து சுமார் எழுபது வருடம் கழித்துப் பட்டத்துக்கு வந்த வேறு ஒரு பேரரசரைப் பற்றி. ஹான் வம்சத்தின் வூடி. இயற்பெயர் லியூ சே. கி.மு. 141-ல் இருந்து கி.மு. 87 வரை 54 வருடம் ஆட்சி. இந்தச் சாதனையை முறியடிக்க 17-ம் நூற்றாண்டில் பட்டத்துக்கு வந்த காங்ஷி பேரரசர் வர வேண்டியிருந்தது.

பி.காம் படிக்கிறவனுக்கு சீனப் பேரரசரிடம் என்ன வேலை என்று கேட்காதீர்கள். வேலை இருக்கிறது. போர், வெற்றி, அரண்மனை சூழ்ச்சி எல்லாம் இவர் கதையிலும் உண்டு. ஆனால் அதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்பதை அந்தக் காலத்து வரலாற்றாசிரியரே தனி அத்தியாயம் போட்டு எழுதி வைத்திருக்கிறார். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு பட்ஜெட் கதை. எனக்கு அதுதான் பிடித்தது.

அழுகிப்போன காசுக் கயிறு

வூடியின் தாத்தா வென் பேரரசரும், அப்பா ஜிங் பேரரசரும் ரொம்பச் சிக்கனக்காரர்கள். வரியைக் குறைத்தார்கள், பெரிய போர் எதற்கும் போகவில்லை. அதனால் லியூ சே பட்டத்துக்கு வந்தபோது கஜானா நிரம்பி வழிந்தது. அந்தக் காலத்தில் காசின் நடுவில் ஓட்டை இருக்கும், கயிற்றில் கோர்த்து வைப்பார்கள். எடுத்துச் செலவு செய்ய ஆளில்லாமல் அந்தக் கயிறுகளே இற்றுப் போய், காசை எண்ண முடியாமல் கிடந்ததாம். களஞ்சியத்தில் பழைய தானியத்தின் மேல் புதிய தானியம் கொட்டி, வெளியில் வழிந்து கெட்டுப் போனதாம். இதைச் சொல்பவர் சிமா சியான் என்ற வரலாற்றாசிரியர். வூடியின் அரசவையிலேயே வேலை பார்த்தவர். இவரைப் பற்றிப் பின்னால் வருகிறேன், மறந்துவிடாதீர்கள்.

ஆக, தொடக்க இருப்பு பிரமாதம். பேரரசருக்கு வயது 15 தான்.

முதல் ஆறு வருடம் அவரால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. காரணம், பாட்டி. தோவ் பேரரசி என்ற அந்த அம்மாள் தாவோ வழிச் சிந்தனையில் ஊறியவர். அரசாங்கம் எவ்வளவு குறைவாகக் கை வைக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது அவர் கொள்கை. பேரன் கன்பூசிய அறிஞர்களைக் கூட்டி வந்து சீர்திருத்தம் ஆரம்பித்தபோது, அந்த ஆட்களைப் பதவியில் இருந்தே தூக்கிவிட்டார். கி.மு. 135-ல் பாட்டி இறந்தார். அதற்குப் பிறகு பேரனைத் தடுக்க ஆளில்லை.

அறிஞர்கள் திரும்பி வந்தார்கள். கி.மு. 124-ல் தலைநகர் சாங்கானில் 50 மாணவர்களோடு அரசுக் கல்விக்கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. கன்பூசிய நூல்களைப் படித்தவர்களை அரசு வேலைக்கு எடுக்கும் வழக்கம் இங்கிருந்துதான் வேர் விட்டது. அது வளர்ந்து, பிற்காலத்தில் தேர்வு முறையாகி, 1905 வரை சீனாவில் நடந்தது.

வடக்கே ஒரு தலைவலி

ஹான் வம்சத்துக்குத் தீராத தலைவலி ஒன்று வடக்கே இருந்தது. ஷியோங்நூ என்ற குதிரைவீர நாடோடி மக்கள். கி.மு. 200-ல் வம்சத்தை நிறுவிய லியூ பாங்கையே பைதெங் என்ற இடத்தில் ஏழு நாள் முற்றுகை போட்டுத் திணறடித்தவர்கள். அதற்குப் பிறகு ஹான் அரசு ஒரு வழி கண்டுபிடித்தது. ஓர் இளவரசியைக் கட்டிக் கொடுப்பது, வருடா வருடம் பட்டும் தானியமும் மதுவும் அனுப்புவது. மரியாதையாகச் சொன்னால் திருமண உறவு, கணக்குப் புத்தகத்தில் எழுதினால் கப்பம். அப்படியும் எல்லையில் கொள்ளை முழுசாக நிற்கவில்லை.

வூடி இதை முடித்துக் கட்ட நினைத்தார். கி.மு. 133-ல் மாயி என்ற ஊரில் ஷியோங்நூ தலைவரை வரவழைத்து வளைத்துப் பிடிக்கத் திட்டம். அவர் பாதி வழியில் சந்தேகப்பட்டுத் திரும்பிவிட்டார். பொறி வீணானது, சமாதானமும் முறிந்தது.

அடுத்து வந்த போர்களில் இரண்டு தளபதிகள் பெயர் வாங்கினார்கள். ஒருவர் வெய் சிங். அடிமைக் குடும்பத்தில் பிறந்து, ஆடு மேய்த்தவர். அவருடைய அக்கா பாடகியாக இருந்து பேரரசியானவர். இன்னொருவர் இவர்களின் அக்கா மகன் ஹுவோ சூபிங். கி.மு. 121-ல் இவர் பிடித்துக் கொடுத்த மேற்கு நடைபாதைதான் பிற்காலத்தில் பட்டுப்பாதை ஓடிய நிலம். இருபது சொச்சம் வயதில் இறந்தும் போனார்.

கூட்டாளியைத் தேடிப் போனவர்

இந்தப் போருக்கு ஒரு கூட்டாளி கிடைத்தால் நன்றாக இருக்குமே என்று வூடி ஆரம்பத்திலேயே யோசித்தார். ஷியோங்நூக்களிடம் அடி வாங்கி மேற்கே ஓடிப்போன யுவேஜி மக்களைத் தேடி கி.மு. 138 வாக்கில் ஜாங் சியான் என்ற அதிகாரியை 100 பேரோடு அனுப்பினார். போகிற வழியிலேயே மனிதர் ஷியோங்நூக்களிடம் மாட்டிக் கொண்டார். பத்து வருடம் அங்கேயே. கல்யாணம் நடந்தது, குழந்தையும் பிறந்தது. ஒருநாள் தப்பித்து, திரும்பி வீட்டுக்கு வராமல், கொடுத்த வேலையை முடிக்க மேற்கே போனார் பாருங்கள், அதுதான் ஆச்சரியம்!

யுவேஜி மக்களோ புது இடத்தில் வசதியாக இருந்தார்கள். பழிவாங்க வரமாட்டோம் என்றுவிட்டார்கள். 13 வருடம் கழித்து ஊர் திரும்பியபோது கூடப் போன 100 பேரில் ஒருவர்தான் மிச்சம்.

ஆனால் அவர் கொண்டு வந்த தகவலுக்கு விலை இல்லை. மேற்கே பெரிய நாடுகள் இருக்கின்றன, நகரங்கள் இருக்கின்றன, வியாபாரம் நடக்கிறது என்று சீனாவுக்கு முதன்முதலாக விவரமாகத் தெரிந்தது அவரால்தான். பாக்திரியாவின் சந்தையில் (இன்றைய ஆப்கானிஸ்தான் பக்கம்) தென்மேற்குச் சீனாவின் மூங்கில் தடிகளையும் துணியையும் அவர் பார்த்தார். இது எப்படி இங்கே வந்தது என்று கேட்டால், ஷென்தூவில் இருந்து வாங்கி வந்தோம் என்றார்களாம். ஷென்தூ என்றால் சிந்து, அதாவது நம் இந்தியா. சீன அரசுக்கே தெரியாமல் சீனச் சரக்கு இந்தியா வழியாக ஆப்கானிஸ்தான் வரைக்கும் போயிருக்கிறது. வியாபாரிகள் எப்போதுமே அரசாங்கத்துக்கு முன்னால் போகிறவர்கள் தான்!

நம் பக்கத்துக்கு இன்னொரு தொடர்பும் உண்டு. வூடி கி.மு. 111-ல் தெற்கே நான்யுவே நாட்டைப் பிடித்தார். தென்கடல் துறைமுகங்கள் கைக்கு வந்தன. அங்கிருந்து தங்கமும் பட்டும் ஏற்றிக்கொண்டு, முத்தும் அரிய கற்களும் வாங்கப் போன கடல் பயணம் பற்றி ஹான் வம்ச வரலாற்று நூலில் ஒரு குறிப்பு இருக்கிறது. அதில் ஹுவாங்ஜி என்ற நாடு வருகிறது. வூடி காலம் தொட்டு அங்கிருந்து காணிக்கை வந்ததாகவும் எழுதியிருக்கிறது. அந்த ஹுவாங்ஜி நம் காஞ்சிதான் என்பது ஆய்வாளர்கள் சிலரின் கருத்து. மறுக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

செலவுப் பக்கம்

சரி, இப்போது கணக்குக்கு வருவோம்.

கி.மு. 124, 123 போர்களில் ஜெயித்த வீரர்களுக்குக் கொடுத்த பரிசு மட்டும் 2 லட்சம் ஜின் தங்கத்துக்கு மேல். ஒரு ஜின் ஏறக்குறைய 250 கிராம். பெருக்கிப் பாருங்கள், 50 டன்! கி.மு. 121-ல் ஷியோங்நூ இளவரசர் ஒருவர் பல்லாயிரம் பேரோடு சரணடைந்தார். அவர்களை வரவேற்று, சோறு போட்டு, வீரர்களுக்குப் பரிசும் கொடுத்ததில் அந்த ஒரு வருடச் செலவு ஆயிரம் கோடிக் காசைத் தாண்டியது. கி.மு. 119-ல் நடந்த மாபெரும் படையெடுப்பில் எல்லை தாண்டிப் போன குதிரைகள் 1,40,000. திரும்பி வந்தவை 30,000-க்கும் குறைவு. எதிரி கோபி பாலைவனத்துக்கு அப்பால் ஓடினான், உண்மைதான். ஆனால் திரும்பத் துரத்திப் போகக் குதிரை இல்லை.

தாத்தாவும் அப்பாவும் அறுபது, எழுபது வருடமாகச் சேர்ந்ததைப் பாதுகாத்து வைத்தது இருபதே வருடத்தில் காலி.

முதலில் கையில் கிடைத்ததை எல்லாம் விற்றார்கள். காசு கொடுத்தால் கௌரவப் பட்டம். காசு கொடுத்தால் தண்டனைக் குறைப்பு. அதுவும் போதவில்லை.

மான் தோல் பணம்

கி.மு. 119-ல் ஒரு விசித்திரமான யோசனை. அரச பூங்காவில் வெள்ளை மான்கள் இருந்தன. அதன் தோலை ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாக வெட்டி, ஓரத்தில் வேலைப்பாடு செய்து, விலை 4 லட்சம் காசு என்று வைத்தார்கள். யார் வாங்குவார்கள்? இளவரசர்களும் பிரபுக்களும் வாங்கியே ஆக வேண்டும். பேரரசருக்கு ஜேட் கல் காணிக்கை வைக்க வருகிறவர்கள் இந்தத் தோலின் மேல்தான் வைத்துக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு!

யென் யி என்ற அமைச்சர், நாட்டின் வேளாண்மைக்கும் கஜானாவுக்கும் பொறுப்பானவர், நேர்மையான ஆள். காணிக்கைக் கல்லின் விலையே சில ஆயிரம் காசுதான், அதற்கு விரிக்கிற தோல் 4 லட்சமா, பொருந்தவில்லையே என்று சொல்லிவிட்டார். பேரரசருக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நாள் கழித்து, விருந்தாளி ஒருவர் அவரிடம் புது உத்தரவு ஒன்றைக் குறை சொல்லிப் பேசினார். யென் யி பதில் பேசவில்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது. அவ்வளவுதான். வாயால் சொல்லாமல் வயிற்றுக்குள் எதிர்ப்பு வைத்திருந்தார் என்று குற்றம் சாட்டி கி.மு. 117-ல் மரண தண்டனை கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அரசவையில் யாரும் கணக்கைப் பற்றி வாய் திறந்திருப்பார்களா? உதட்டைக் கூட அசைத்திருக்க மாட்டார்கள்.

உப்பு, இரும்பு, ஒரு வியாபாரி மகன்

இந்த நேரத்தில்தான் நம் கதையின் இன்னொரு நாயகன் வருகிறார். சாங் ஹோங்யாங். லோயாங் நகரத்து வியாபாரி மகன். மனக்கணக்கில் புலி. அந்தத் திறமைக்காகவே 13 வயதில் அரண்மனை வேலைக்கு எடுக்கப்பட்டவர். வியாபாரி வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசு வேலை கிடையாது என்று இருந்த நாட்டில் இது பெரிய விஷயம்.

அவரும், உப்பு வியாபாரத்திலும் இரும்பு உருக்குவதிலும் பெரும் பணக்காரர்களான வேறு இரண்டு பேரும் சேர்ந்து போட்ட திட்டம்தான் அரசு ஏகபோகம். நாம் பொருளாதாரப் பாடத்தில் படிக்கிற அதே மோனோபோலி!

உப்பு இல்லாமல் யாரும் சாப்பிட முடியாது, இரும்பு இல்லாமல் யாரும் உழ முடியாது. விலை ஏறினாலும் வாங்கித்தான் ஆக வேண்டும். தேர்ந்தெடுத்த பொருளைப் பாருங்கள்! உப்பு காய்ச்சும் பாத்திரத்தை அரசு கொடுக்கும், மக்கள் தங்கள் செலவில் காய்ச்சித் தர வேண்டும், விற்பனை அரசுடையது. இரும்புக்கு ஐம்பதுக்கு நெருக்கமான இடங்களில் அரசு அலுவலகங்கள். திருட்டுத்தனமாக உப்பு காய்ச்சினாலோ இரும்பு வார்த்தாலோ காலில் விலங்கு, கருவிகள் பறிமுதல்.

இதற்குப் பணத்தேவை மட்டும் காரணம் என்று சொல்வது நியாயமில்லை. கி.மு. 154-ல், வூடியின் அப்பா காலத்தில், ஏழு சிற்றரசர்கள் சேர்ந்து கலகம் செய்தார்கள். அதற்குத் தலைமை தாங்கிய வூ நாட்டு அரசர் பணக்காரர் ஆனதே சொந்தமாகக் காசு அடித்தும் உப்பு காய்ச்சியும்தான். உப்பையும் நாணயத்தையும் தனியார் கையில் விட்டால் அடுத்த கலகம் வரும் என்ற பயம் உண்மையான பயம்.

நாணயத்தில் அவர்கள் செய்தது சுத்தமான சாதனை. பலமுறை காசை மாற்றி மாற்றிச் சொதப்பிய பிறகு, கி.மு. 118-ல் வூ ஜூ என்ற செம்புக் காசு வந்தது. ஓரத்தைச் சுரண்டித் திருட முடியாதபடி விளிம்பு வைத்த காசு. சில வருடத்தில் மற்ற எல்லோரும் காசு அடிக்கும் உரிமையை ரத்து செய்து, தலைநகருக்குப் பக்கத்தில் அரசே அடித்தது. அடுத்த 120 வருடத்தில் 2,800 கோடிக் காசுகள். இந்த வகைக் காசு கி.பி. 621 வரைக்கும் புழக்கத்தில் இருந்தது. எழுநூறு வருடத்துக்கு மேல்!

சாங் ஹோங்யாங் அதோடு நிற்கவில்லை. மாகாணங்களில் இருந்து வரிச் சரக்கைத் தலைநகருக்கு இழுத்து வந்தால், சில சமயம் வண்டிக் கூலி சரக்கின் விலையை விட அதிகம். அதனால் அந்தச் சரக்கை எங்கே கிராக்கியோ அங்கே அதிகாரிகளே கொண்டு போய் விற்கும் முறை கொண்டு வந்தார். தலைநகரில் விலை இறங்கினால் அரசு வாங்கும், ஏறினால் விற்கும். ஒரே வருடத்தில் கஜானாவுக்கு 50 லட்சம் சுருள் பட்டு சேர்ந்தது. மக்கள் மேல் வரி ஏற்றாமலே அரசு செழித்தது என்று சிமா சியானும் பதிவு செய்கிறார். அதே அத்தியாயத்தைப் பு ஷி என்ற அதிகாரியின் பேச்சோடு முடிக்கிறார். மழை பெய்யவில்லை, என்ன செய்யலாம் என்று பேரரசர் கேட்டபோது, சாங் ஹோங்யாங்கைக் கொப்பரையில் போட்டு அவித்தால் மழை வரும் என்றாராம் பு ஷி!

காட்டிக் கொடுத்தால் பாதி சொத்து

என்னைத் தூங்க விடாத பகுதி இதுதான்.

கி.மு. 119-ல் வியாபாரிகள் மேல் சொத்து வரி போட்டார்கள். ஒவ்வொருவரும் தன் சரக்கையும் கையிருப்பையும் தானே மதிப்பிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். 2,000 காசுக்கு 120 காசு வரி. வண்டிக்கு வரி, படகுக்கு வரி. எல்லோரும் ஒளித்தார்கள். உடனே அடுத்த உத்தரவு: ஒளித்தவன் சொத்து முழுக்கப் பறிமுதல், ஒரு வருடம் எல்லைக் காவல். யார் காட்டிக் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு அதில் பாதி.

யாங் கெ என்ற அதிகாரி தலைமையில் இது நாடு முழுக்க நடந்தது. கோடிக்கணக்கான காசு, ஆயிரக்கணக்கில் அடிமைகள், ஒவ்வொரு மாவட்டத்திலும் நிலம், வீடு எல்லாம் அரசுக்கு வந்தன. நடுத்தரத்துக்கு மேற்பட்ட வியாபாரிகள் பெரும்பாலும் அழிந்தே போனார்கள்.

எங்கள் அப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். ராத்திரி கடையைச் சாத்திவிட்டு வந்து அவர் கணக்கு எழுதுவதைச் சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன். இந்த உத்தரவைப் படித்தபோது எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வந்தது. அதை யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லலாம், சொன்னால் பாதிக் கடை அவருக்கு என்றால், தெருவில் யார் முகத்தைப் பார்த்து யார் சிரிப்பார்கள்?

இதன் விளைவாக சிமா சியான் ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார். மக்கள் சேர்த்து வைப்பதையே விட்டுவிட்டார்களாம். நல்ல சாப்பாடு, நல்ல துணி என்று வந்ததை வந்தபடி செலவு செய்தார்களாம். மிச்சம் வைத்தால் பறிபோகும் என்றால் எவன் மிச்சம் வைப்பான்? சேமிப்பு, முதலீடு என்று நாம் புத்தகத்தில் படிப்பதை அவர் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்.

எழுதியவரின் விலை

இப்போது சிமா சியான். கி.மு. 99-ல் லி லிங் என்ற தளபதி 5,000 காலாட்படையோடு போய், பல மடங்கு பெரிய ஷியோங்நூ படையிடம் சிக்கி, அம்பு தீர்கிற வரை போராடிச் சரணடைந்தார். அரசவையில் எல்லோரும் அவரைத் திட்டினார்கள். சிமா சியான் மட்டும் அவருக்காகப் பேசினார். பேரரசர் அதைத் தன்னைக் குறை சொன்னதாக எடுத்துக் கொண்டார். தண்டனை மரணம். பணம் கட்டினால் தப்பலாம், அவரிடம் பணம் இல்லை. மரணத்துக்குப் பதில் ஆண்மை நீக்கம். மானமுள்ளவன் அதற்குப் பதில் தற்கொலை செய்துகொள்வான் என்று எதிர்பார்க்கப்பட்ட காலம். அப்பா ஆரம்பித்து வைத்த வரலாற்று நூலை முடிப்பதற்காக அந்த அவமானத்தோடு உயிர் வாழ்ந்தார். 130 அத்தியாயம் எழுதி முடித்தார். மேலே நான் சொன்ன கணக்கில் பெரும்பாலானவை அதில் இருந்து வந்தவைதான்.

குதிரையும் சாகாவரமும்

வயது ஏற ஏற வூடிக்கு இரண்டு ஆசை. ஒன்று, சாகாமல் இருப்பது. அதற்கு மருந்து தருவதாகச் சொன்ன மந்திரவாதிகளுக்குப் பதவி கொடுத்தார். லுவான் தா என்ற ஒருவனுக்குத் தன் மகளையே கட்டிக் கொடுத்தார். பொய் தெரிந்ததும் கொன்றார். அடுத்த ஆளை நம்பினார்.

இன்னொன்று, குதிரை. மத்திய ஆசியாவின் ஃபெர்கானா பள்ளத்தாக்குக் குதிரைகள் இரத்தம் வியர்ப்பவை என்று பேர் பெற்றவை. கேட்டுக் கொடுக்கவில்லை என்று கி.மு. 104-ல் படை போனது. தோற்றுத் திரும்பியது. உள்ளே வந்தால் தலை போகும் என்று எல்லை வாசலை மூடிவிட்டு, 60,000 பேரைச் சேர்த்து மறுபடி அனுப்பினார். கி.மு. 101-ல் ஜெயித்துத் திரும்பினார்கள். கிடைத்த உயர்ந்த ஜாதிக் குதிரைகள் சில டஜன், சுமாரானவை 3,000. வாசலுக்குள் திரும்பி வந்த வீரர்கள் 10,000 சொச்சம்.

மகன்

கி.மு. 91. வயதான பேரரசருக்கு உடம்பு சரியில்லை. யாரோ பொம்மை புதைத்துச் சூனியம் வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகம். ஜியாங் சோங் என்ற அதிகாரி விசாரணைக்கு வந்தான். பல்லாயிரம் பேர் செத்தார்கள். கடைசியில் பட்டத்து இளவரசர் லியூ ஜூவின் மாளிகையிலேயே பொம்மையைத் தோண்டி எடுத்துவிட்டேன் என்றான். அவனுக்கு இளவரசரோடு பழைய பகை. அப்பா ஊரில் இல்லை, உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியவில்லை. இளவரசர் ஜியாங் சோங்கைக் கொன்றார். கலகம் என்று செய்தி போனது. தலைநகர் தெருக்களில் ஐந்து நாள் சண்டை. தாய் வெய் பேரரசி தற்கொலை செய்துகொண்டார். தப்பி ஓடி ஒளிந்த இளவரசரும், ஆட்கள் வீட்டைச் சுற்றி வளைத்தபோது தூக்கில் தொங்கினார். அவர் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். மிஞ்சியது சிறையில் இருந்த ஒரு கைக்குழந்தை, பேரனின் பிள்ளை.

பிறகு மகன் குற்றமற்றவர் என்று அப்பாவுக்குத் தெரிந்தது. மகனை நினைக்கும் மாளிகை என்று ஒன்று கட்டினார். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

கி.மு. 89-ல் சாங் ஹோங்யாங் வழக்கம்போல் ஒரு திட்டத்தோடு வந்தார். தூர மேற்கே லுன்தாய் என்ற இடத்தில் வீரர்களைக் குடியமர்த்தி விவசாயம் செய்ய வைக்கலாம், செலவுக்கு மக்களிடம் கூடுதலாகத் தலைக்கு 30 காசு வாங்கலாம் என்றார்கள். பேரரசர் வேண்டாம் என்றார். மக்களை மேலும் வருத்தக்கூடாது, இனி விவசாயத்தைக் கவனியுங்கள் என்று அரசாணை போட்டார். தன் படையெடுப்புகளால் வந்த துயரத்துக்கு வருத்தமும் தெரிவித்தார். இரண்டு வருடம் கழித்து இறந்தார். நாட்டில் பதிவில் இருந்த மக்கள்தொகை பாதியாகிவிட்டது என்று பின்னால் வந்த பன் கூ என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார்.

தாமதமான தணிக்கை

அவர் இறந்து ஆறு வருடம் கழித்து, கி.மு. 81-ல், நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்தது. புதுப் பேரரசர் சிறுவன். ஆட்சியை நடத்தியவர்கள் மாகாணங்களில் இருந்து அறுபதுக்கு மேற்பட்ட படிப்பாளிகளை அழைத்து, மக்களின் கஷ்டம் என்ன என்று கேட்டார்கள். உப்பு, இரும்பு ஏகபோகத்தை எடுங்கள் என்றார்கள் அவர்கள். எதிரே உட்கார்ந்து பதில் சொன்னவர் சாக்ஷாத் சாங் ஹோங்யாங்.

படிப்பாளிகள் சொன்னார்கள்: அரசு இரும்புக் கருவி தரமில்லை, புல்லைக் கூட வெட்ட மாட்டேன் என்கிறது, விலையும் அதிகம், வாங்கப் போனால் அதிகாரி இருப்பதில்லை. சாங் கேட்டார்: சரி, எடுத்துவிடுகிறேன், எல்லையில் குளிரில் நிற்கும் வீரனுக்குச் சோறு யார் போடுவது? இரண்டு பக்கமும் விட்டுக் கொடுக்கவில்லை. பின்னால் ஹுவான் குவான் என்பவர் இதைத் தொகுத்து நூலாக்கினார். முடிவில் சாராய ஏகபோகம் எடுக்கப்பட்டது. உப்பும் இரும்பும் தொடர்ந்தன. அடுத்த வருடம் அரசியல் சண்டையில் சாங் கொல்லப்பட்டார். அவர் போட்ட திட்டம் அவருக்குப் பிறகும் ஓடியது.

விவாதம் அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 1,100 வருடம் கழித்து, சோங் வம்சத்தில், வாங் ஆன்ஷி என்ற அமைச்சர் வரி ஏற்றாமலே கஜானாவை நிரப்ப முடியும் என்றபோது, சிமா குவாங் என்ற அறிஞர், இது சாங் ஹோங்யாங் வூடியை ஏமாற்றிய அதே பேச்சு என்றார். நாட்டில் உள்ள செல்வம் ஒன்றுதான், அரசிடம் கூடினால் மக்களிடம் குறையும் என்பது அவர் வாதம்.

யார் சரி? நான் படித்த வரைக்கும் இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஷியோங்நூ பயம் கற்பனை இல்லை. நாணயமும் நல்ல நாணயம். சீனா என்று இன்று வரைபடத்தில் பார்க்கும் உருவத்தில் பாதி வூடி வரைந்தது. ஆனால் கி.மு. 81-ல் அந்த அறுபது பேர் கேட்ட கேள்விகள் எதுவும் புதிதில்லை. யென் யி அதைத்தான் கேட்டார், 36 வருடத்துக்கு முன்னால். அப்போதே அவரைப் பேச விட்டு, பதில் சொல்லியிருந்தால்? ஃபெர்கானாவுக்குப் போன 60,000 பேரில் எத்தனை பேர் வீட்டுக்கு வந்திருப்பார்கள்?

வருடக் கடைசியில் கணக்கை வெளியாள் ஒருவர் பார்க்க வேண்டும் என்று தணிக்கைப் பாடத்தில் முதல் நாளே சொல்லிக் கொடுக்கிறார்கள். பரீட்சைக்காகத்தான் இவ்வளவு நாள் அதைப் படித்துக் கொண்டிருந்தேன். இப்போது அந்தப் பாடத்தைத் திறந்தால் யென் யியின் உதடு ஞாபகம் வருகிறது.

பின்குறிப்பு: சிறையில் மிஞ்சிய அந்தக் கைக்குழந்தை சாதாரண ஜனங்களோடு வளர்ந்து, கி.மு. 74-ல் ஷுவான் பேரரசர் ஆனார். மக்களின் கஷ்டம் தெரிந்த நல்ல அரசர் என்று பெயர் எடுத்தார். அது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.